ஸ்பேம் மின்னஞ்சல் நிற்கவில்லையா? இணையச் சேவை நிறுவனத்திடம் புகார் அளிக்கும் வழிமுறை, அறிகுறி வாரியாக

ஒரு சிறு ஏற்றுமதி அலுவலகத்தின் மின்னஞ்சல் கணக்குகளை 12 ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மாதம் தவறாமல் என் மேசைக்கு வரும் முறையீடு ஒன்று உண்டு: "சார், எத்தனை முறை அழித்தாலும் இந்தக் குப்பை வந்துகொண்டே இருக்கிறது." அழித்தால் நம் பெட்டி சுத்தமாகும், அவ்வளவுதான். அனுப்புகிறவரின் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம், அவருக்கு அந்த இணைப்பையோ சர்வரையோ கொடுத்திருக்கும் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த நிறுவனம் எது என்று சரியாகக் கண்டுபிடித்து, அது செயல்படுவதற்குத் தேவையான சான்றைச் சிதைக்காமல் கொடுத்தால் புகாருக்குப் பலன் கிடைக்கிறது. நான் அனுப்பிய புகார்களில் வீணாய்ப் போனவற்றைத் திரும்பிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை தவறான இடத்துக்குப் போனவை, அல்லது அரைகுறைச் சான்றோடு போனவை.

கீழே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் அறிகுறியைப் பார்த்து அங்கிருந்தே தொடங்கலாம். எந்த அறிகுறியாக இருந்தாலும், வேலை முடியும்வரை அந்த மின்னஞ்சலை அழிக்க வேண்டாம். அதற்குப் பதில் எழுத வேண்டாம். அதில் உள்ள இணைப்புகளையும் கோப்புகளையும் திறக்க வேண்டாம்.

அறிகுறி 1: ‘ஸ்பேம்’ என்று குறித்த பிறகும் அதே வகைக் கடிதம் வருகிறது

முதலில், அது உண்மையிலேயே ஸ்பேமா என்று பாருங்கள். நீங்கள் பொருள் வாங்கிய கடை, பதிவு செய்த பயிற்சி நிலையம், பயணச் சீட்டு எடுத்த செயலி ஆகியவற்றிலிருந்து வரும் விளம்பரங்கள் தொல்லையாக இருக்கலாம். ஆனால் அவை அறிந்த இடத்திலிருந்து வருபவை. அவற்றுக்கு அன்சப்ஸ்கிரைப் பொத்தானே போதும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5000-க்கு மேல் அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்றும், விலகல் கோரிக்கையை 2 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றும் கூகுள் விதித்திருக்கிறது. கடிதத்தின் உள்ளே இருக்கும் இணைப்பைவிட, அனுப்புநர் பெயருக்கு அருகில் ஜிமெயிலே காட்டும் பொத்தானைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. அறியாத இடத்திலிருந்து வந்த கடிதத்தில் விலகல் இணைப்பை அழுத்தவே கூடாது. அழுத்தினால், இந்தப் பெட்டியை ஒருவர் திறந்து படிக்கிறார் என்ற செய்தி அனுப்பியவருக்குப் போய்விடும்.

அறியாத இடம்தான் என்றால், ஸ்பேம் என்று குறிப்பதைத் தொடருங்கள். ஆனால் அது உங்கள் மின்னஞ்சல் சேவையின் வடிகட்டிக்கு மட்டுமே பாடம் சொல்லும். அனுப்புநர் முகவரியைத் தடை செய்வதாலும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் அந்த முகவரி ஒவ்வொரு முறையும் மாறும். அதே சரக்கு, அதே நடை, ஆனால் வெவ்வேறு முகவரிகள் என்று ஒரு வாரத்தில் மூன்று நான்கு கடிதங்கள் வந்தால், அடுத்த அறிகுறிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி 2: புகார் செய்ய வேண்டும், யாருக்கு என்று தெரியவில்லை

மிகுதியான தவறு நேரும் இடம் இதுதான் என்பதால் இங்கே பொறுமையாக நின்று பார்க்க வேண்டும்.

அனுப்புநர் இடத்தில் தெரியும் பெயரை நம்பிப் புகார் எழுதாதீர்கள். உறையின் பின்புறத்தில் யார் வேண்டுமானாலும் எந்த முகவரியையும் எழுதலாம் அல்லவா, அதைப் போன்றதுதான் அது. அஞ்சலக முத்திரைக்கு நிகரானது கடிதத்தின் ஹெடரில், அதாவது கடிதம் வந்த வழியைக் குறித்து வைக்கும் மறைவான மேற்பகுதியில், இருக்கிறது. அதைக் காண, ஜிமெயிலைக் கணினியில் திறந்து, கடிதத்தின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. தண்டர்பேர்டில் கன்ட்ரோல் விசையையும் யூ விசையையும் சேர்த்து அழுத்தினால் போதும். கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக்கில், கடிதத்தைத் தனிச் சாளரத்தில் திறந்து, ஃபைல் பட்டியில் ப்ராப்பர்ட்டீஸ் என்பதற்குள் சென்றால், அடியில் ஒரு சிறு பெட்டியில் ஹெடர் முழுதும் இருக்கும். யாஹூவில் அதன் பெயர் ‘வியூ ரா மெசேஜ்’.

திறந்ததும் வரிவரியாக மிரட்டும் எழுத்துகள் தெரியும். அவற்றில் ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகள் மட்டும் நமக்குப் போதும். கடிதத்தைக் கையில் வாங்கும் ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே மேலே சேர்த்துக்கொண்டு போகிறது. ஆகவே கடைசியில் சேர்ந்த வரி உச்சியில் இருக்கும். பயணத்தின் தொடக்கம் அடியில் இருக்கும். அடிவரிதான் மூலம் என்று எண்ணத் தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணி, ஒருமுறை அடிவரியில் இருந்த முகவரிக்குரிய நிறுவனத்துக்குக் கடுமையான புகார் ஒன்றை அனுப்பினேன். அவர்கள் மிகுந்த பொறுமையுடன், அந்த வரி போலியாகச் செருகப்பட்டது என்பதை விளக்கிப் பதில் எழுதினார்கள். ஒன்றும் அறியாதவர்களைக் குற்றம் சாட்டிவிட்டோமே என்று வருந்தி, மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன்.

நம்பத்தக்க வரி எது என்றால், உங்கள் சொந்த மின்னஞ்சல் சேவை வெளியாளிடமிருந்து கடிதத்தை வாங்கியபோது எழுதிய வரி. ஜிமெயிலில் உச்சியில் உள்ள ஓரிரு வரிகள் கூகுளுக்குள்ளேயே கைமாறியதைக் குறிப்பவை. அவற்றைத் தாண்டி இறங்கினால், ‘பை எம்எக்ஸ் டாட் கூகுள் டாட் காம்’ என்ற சொற்கள் உள்ள வரி ஒன்று வரும். அந்த வரியில் ‘ஃப்ரம்’ என்பதை அடுத்து வரும் பெயர், அனுப்பிய சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. அதில் பொய் இருக்கலாம். அதன் பின் அடைப்புக்குள், சதுரக் குறிகளுக்கு நடுவில் 203.0.113.45 என்பதைப் போல ஓர் எண் இருக்கும் (விளக்கங்களில் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண் இது). அது கூகுளின் சர்வர் தன் கண்ணால் கண்ட ஐபி முகவரி, அதாவது அனுப்பிய சர்வரின் இணைய எண். அதே எண் ‘ரிசீவ்டு எஸ்பிஎஃப்’ என்ற வரியில் ‘கிளையன்ட் ஐபி’ என்பதற்கு எதிரிலும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் உங்களுக்கு வேண்டிய எண் கிடைத்துவிட்டது. இதற்குக் கீழே உள்ள ரிசீவ்டு வரிகள் உண்மையாகவும் இருக்கலாம், புனைவாகவும் இருக்கலாம். அவற்றைக் கொண்டு யார்மீதும் பழி சுமத்தக் கூடாது.

கிடைத்த எண் 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை உள்ளதாக இருந்தாலும், அது வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பயன்படும் உள் முகவரி. அப்படியானால் நீங்கள் பார்ப்பது தவறான வரி, மீண்டும் தேடுங்கள். வரும் கடிதங்களை வேறொரு கணக்கிலிருந்து திருப்பிவிட்டுப் பெறுகிறீர்கள் என்றால், முதலில் வாங்கிய சேவை எழுதிய வரியைப் பார்க்க வேண்டும். இல்லையேல் உங்கள் பழைய மின்னஞ்சல் சேவையையே குற்றவாளியாக்கிவிடுவீர்கள்.

அடுத்து, அந்த எண் யாருடையது என்று ஹூயிஸ் தேடலில், அதாவது எண்ணின் உரிமையாளரைக் காட்டும் பொதுப் பதிவேட்டில், பார்க்க வேண்டும். ஐபி முகவரிகளை உலகில் 5 வட்டாரப் பதிவகங்கள் பகிர்ந்தளிக்கின்றன: ஆசிய பசிபிக் நாடுகளுக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்நிக், வட அமெரிக்காவுக்கு ஏரின், ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ரைப், லத்தீன் அமெரிக்காவுக்கு லாக்நிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிநிக். எண் எந்தப் பதிவகத்துக்கு உரியது என்பது தெரியாவிட்டால், ஏப்நிக் தளத்திலேயே தேடுங்கள்; வேறிடத்து எண்ணாக இருந்தால் அங்கே போகச் சொல்லும். தேடல் முடிவில் ஏரின் பதிவாக இருந்தால் ‘ஆர்க் அப்யூஸ் ஈமெயில்’ என்ற வரியையும், ஏப்நிக் அல்லது ரைப் பதிவாக இருந்தால் ‘அப்யூஸ் மெயில்பாக்ஸ்’ என்ற வரியையும் பாருங்கள். புகார் அனுப்ப வேண்டிய முகவரி அங்கே இருக்கும். முடிவில் பதிவகத்தின் பெயரே பெரிதாகத் தெரிவதால் பலர் பதிவகத்துக்கே புகார் எழுதிவிடுகிறார்கள். எண்களைப் பதிந்து வைப்பது மட்டுமே அதன் வேலை, எவருடைய இணைப்பையும் அது துண்டிக்க இயலாது.

எண் கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற பெருநிறுவனத்துடையதாக இருந்தால், அவர்களுடைய வாடிக்கையாளர் ஒருவர் அந்தச் சேவை வழியாக அனுப்புகிறார் என்று பொருள். அப்போது அந்த நிறுவனத்தின் இணையப் புகார்ப் படிவத்தை நிரப்புவது நல்லது.

அறிகுறி 3: அனுப்பிய புகார் திரும்பி வந்துவிட்டது

எளிய காரணம் எழுத்துப்பிழை. முகவரியை மறுபடி ஒப்பிடுங்கள். அடுத்த காரணம், நீங்கள் இணைத்த ஸ்பேமைக் கண்டு அந்த நிறுவனத்தின் வடிகட்டியே உங்கள் புகாரைத் தடுத்திருக்கலாம். புகார்ப் பெட்டிக்கு வடிகட்டி வைப்பது முறையல்ல என்றாலும் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் முதல் கடிதத்தில் ஐபி முகவரி, நேரம், ஹெடர் ஆகியவற்றை மட்டும் சாதாரண எழுத்தாக ஒட்டி, உள்ளடக்கத்தைக் கேட்டால் தருவதாகக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.

முகவரியே இல்லை என்று திரும்பினால், நிறுவனத்தின் டொமைன் பெயருக்கு (அதன் இணையதளப் பெயருக்கு) முன்னால் அட் குறியிட்டு ‘அப்யூஸ்’ என்று சேர்த்து முயலுங்கள். 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2142 என்னும் இணைய நெறி ஆவணம், தவறான பயன்பாடு பற்றிய புகார்களுக்கு இந்தப் பெயரையும் மின்னஞ்சல் சிக்கல்களுக்குப் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற பெயரையும் வகுத்தது. இரண்டும் திரும்பிவிட்டால், ஹூயிஸ் பதிவில் உள்ள முகவரி செல்லாது என்பதை உரிய பதிவகத்துக்குத் தெரிவிக்கலாம். பதிவகத்துக்கு எழுதுவது பொருத்தமாக இருக்கும் ஒரே சந்தர்ப்பம் இது. அந்த நிறுவனத்துக்கு இணைப்பு வழங்கும் மேல்நிலை நிறுவனத்தைத் தேடிப் புகார் செய்யவும் வழியுண்டு. ஆனால் நெட்வொர்க் வேலை அறிந்தவர் துணையில்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

அறிகுறி 4: ‘போதிய விவரம் இல்லை’ என்று பதில் வருகிறது

பதில் வந்ததே நல்ல செய்தி. மறுமுனையில் ஒருவர் படிக்கிறார்.

கடிதத்தைச் சாதாரணமாக ஃபார்வர்டு செய்தீர்களா என்று முதலில் பாருங்கள். சாதாரண ஃபார்வர்டில் பழைய ஹெடர் உதிர்ந்து, உங்கள் ஹெடர் ஒட்டிக்கொள்கிறது. சான்று அங்கேயே போய்விட்டது. ஜிமெயிலிலும் தண்டர்பேர்டிலும் ‘ஃபார்வர்டு ஆஸ் அட்டாச்மென்ட்’ என்ற தெரிவு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இணைப்புக் கோப்பு வேண்டாம் என்று சொல்லும் நிறுவனங்களுக்கு ஷோ ஒரிஜினல் பக்கத்தின் எழுத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டலாம். திரையைப் படமெடுத்து (ஸ்கிரீன்ஷாட்) அனுப்புவதால் பயனில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது நேரம். வீட்டு இணைப்புகளுக்கு ஐபி முகவரி அடிக்கடி மாறும். காலையில் ஒருவரிடம் இருந்த எண் மாலையில் இன்னொருவரிடம் இருக்கலாம். அந்த நொடியில் யாரிடம் இருந்தது என்று தேட அவர்களுக்கு நேர மண்டலத்தோடு கூடிய நேரம் வேண்டும். ஒருநாள் காலை 9.15-க்கு எங்களுக்கு வந்த ஸ்பேம் ஒன்றின் ஹெடரில், முந்தின நாள் இரவு 20:45 என்றும் அருகில் −0700 என்றும் இருந்தது. கூகுளின் சர்வர் கலிஃபோர்னியா நேரத்தில் எழுதுகிறது. நான் உதவி செய்வதாக நினைத்து அதை நம் நேரத்துக்கு மாற்றி ‘காலை 9.15’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். எந்த நாட்டு 9.15 என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அடையாளம் காண இயலவில்லை என்று எழுதிவிட்டார்கள். ஹெடரில் உள்ள நேரத்தை மண்டலக் குறியோடு அப்படியே கொடுங்கள், அல்லது யுடிசி என்ற உலகப் பொது நேரமாக மாற்றி அப்படி மாற்றியதைச் சொல்லிவிடுங்கள்.

புகாரின் வாசகம் சிறியதாக, எளிய ஆங்கிலத்தில், கோபமின்றி இருக்கட்டும். நான் அனுப்புவதன் சாரம் இது: "உங்கள் 203.0.113.45 என்ற முகவரியிலிருந்து 2025 மார்ச் 18, 03:45:12 யுடிசி நேரத்தில், நாங்கள் கேட்டுப் பெறாத விளம்பர மின்னஞ்சல் எங்களுக்கு வந்தது. முழு ஹெடரும் உள்ளடக்கமும் கீழே உள்ளன. உங்கள் பயன்பாட்டு விதிகளின்படி நடவடிக்கை எடுக்கக் கோருகிறோம்." தலைப்பிலும் அந்த எண்ணையும் நாளையும் போட்டுவிடுவேன். நாள் முழுவதும் புகார்களையே படிக்கும் ஊழியர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஓர் எச்சரிக்கை. சில நிறுவனங்கள் புகாரை அப்படியே ஸ்பேம் அனுப்பிய வாடிக்கையாளருக்குத் திருப்பிவிடுகின்றன. அவர் உங்கள் ஒரு முகவரியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மற்றவர்களுக்குத் தொடர்வதும் உண்டு. எனவே புகார்களுக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹெடரில் உங்கள் முகவரியை மறைத்தால், மறைத்த இடத்தைப் புகாரில் குறிப்பிட்டுவிடுங்கள். சொல்லாமல் மாற்றினால் சான்றைத் திருத்தியதாகக் கருதி ஒதுக்கிவிடக்கூடும்.

அறிகுறி 5: பதிலும் இல்லை, ஸ்பேமும் நிற்கவில்லை

பதில் வராததால் நடவடிக்கை இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பல நிறுவனங்கள் வாடிக்கையாளர்மீது எடுத்த நடவடிக்கையை வெளியாருக்குச் சொல்வதில்லை. புதிதாக வரும் ஸ்பேமின் ஹெடரைப் பாருங்கள். ஐபி முகவரி வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தால், உங்கள் புகாரோ இன்னொருவருடையதோ பலித்து அவர் இடம் பெயர்ந்திருக்கலாம். புதிய நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். அதே எண்ணாக இருந்தால், ஒரு வாரம் விட்டு, முந்தைய புகாரின் நாளைக் குறிப்பிட்டு மீண்டும் ஒன்று. தினமும் அனுப்புவது உங்களையே ஸ்பேம் பட்டியலில் சேர்க்கும்.

எண்ணிக்கை மிகுந்து கையால் செய்ய முடியாத நிலை வந்தால் ஸ்பேம்காப் சேவையைப் பயன்படுத்தலாம். 1998-இல் தொடங்கிய இது இப்போது சிஸ்கோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. முழு ஹெடரோடு கடிதத்தை ஒட்டினால், மூலத்தைத் தானே கண்டறிந்து உரிய நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பும். அனுப்பும் முன் அது காட்டும் பெறுநர் பட்டியலை அவசியம் படியுங்கள். உங்கள் சொந்தச் சேவை நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால் நிறுத்திவிட வேண்டும்.

கடிதம் ஒரு போலி வங்கிப் பக்கத்துக்கோ நச்சு நிரலுக்கோ அழைத்துச் செல்வதாக இருந்தால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் டொமைனை விற்ற பதிவு நிறுவனத்திடமும் புகார் செய்யலாம். காம், நெட் போன்ற பொதுப் பின்னொட்டுகளை விற்கும் பதிவு நிறுவனங்கள், டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்புடனான ஒப்பந்தத்தில் 2024 ஏப்ரல் 5 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஃபிஷிங் (போலிப் பக்கம் காட்டி விவரங்களைத் திருடுவது), நச்சு நிரல் போன்றவை குறித்துச் சான்றோடு வரும் புகாரின்மேல் செயல்படக் கடமைப்பட்டவை. வெறும் விளம்பர ஸ்பேமுக்கு இது பொருந்தாது.

இந்தியாவில் 1909 எண்ணில் புகார் செய்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஏற்பாடு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் வணிக அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் உரியது. மின்னஞ்சலை அது எடுத்துக்கொள்வதில்லை.

அறிகுறி 6: நான் அனுப்பாத கடிதங்கள் ‘சேரவில்லை’ என்று எனக்குத் திரும்பி வருகின்றன

எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மையார் ஒருநாள் காலையில் கணினியைத் திறந்தபோது இத்தகைய கடிதங்கள் நூற்றுக்கு மேல் குவிந்திருந்தன. கணக்கு களவு போய்விட்டது என்று கண்கலங்கிவிட்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை. யாரோ அவருடைய முகவரியை அனுப்புநர் இடத்தில் எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். சேராதவை அவரைத் தேடி வந்தன.

கணக்கு களவு போனதா, முகவரி மட்டும் போலி செய்யப்பட்டதா என்று பிரித்தறிய, ‘சென்ட்’ பெட்டியைப் பாருங்கள். திருடர்கள் தடயத்தை அழித்திருக்கலாம் என்பதால் அதோடு நிறுத்தாதீர்கள். கணினியில் ஜிமெயில் பெட்டியின் அடியில் வலப்பக்கம் உள்ள ‘டீட்டெய்ல்ஸ்’ என்ற சொல்லை அழுத்தினால் அண்மையில் எங்கிருந்தெல்லாம் கணக்கு திறக்கப்பட்டது என்று தெரியும். அமைப்புகளில், உங்களுக்குத் தெரியாத ஃபார்வர்டிங் முகவரியோ வடிகட்டி விதியோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐயத்துக்கு இடமிருந்தால் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, இரண்டு படி உறுதிப்படுத்தலை இயக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், திரும்பி வந்த கடிதத்தோடு இணைந்திருக்கும் மூலக் கடிதத்தின் ஹெடரை எடுத்து, அறிகுறி 2-இல் சொன்னபடி செய்யுங்கள். அங்கே நம்பத்தக்க வரி, திருப்பி அனுப்பிய சர்வர் எழுதியது. சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு, கடிதம் உண்மையில் அவர்களிடமிருந்துதான் வந்ததா என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் அவசியம். இவற்றை அமைக்க ஒருமுறை தொழில்நுட்பரை அழைத்துப் பணம் கொடுப்பது தகும். தவறாக அமைத்தால் உங்கள் நல்ல கடிதங்களும் சேராமல் போகும்.

அறிகுறி 7: ‘உங்கள் இணைப்பிலிருந்து ஸ்பேம் போகிறது’ என்று உங்கள் சேவை நிறுவனமே சொல்கிறது

அந்தக் கடிதமே உண்மையானதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அதில் உள்ள இணைப்பை அழுத்தாமல், உங்கள் கட்டண ரசீதில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். உங்கள் ஐபி முகவரியை, ஸ்பேம் தொடர்பான முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹவுஸ் தளத்தில் தேடினால் ‘பிபிஎல்’ பட்டியலில் இருப்பதாகக் காட்டலாம். அது குற்றச்சாட்டு ஆகாது. வீட்டு இணைப்புகள் நேரடியாகப் பிற மின்னஞ்சல் சர்வர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பதற்கான பட்டியல் அது. உங்கள் மின்னஞ்சல் மென்பொருளின் அமைப்பில் போர்ட் (இணைப்பு வாயில் எண்) 25-க்குப் பதிலாக 587 அல்லது 465-ஐ அமைத்து, பயனர் பெயரோடும் கடவுச்சொல்லோடும் அனுப்பினால் அந்தத் தடை உங்களைத் தொடாது. ‘எக்ஸ்பிஎல்’ பட்டியலில் இருந்தால் நிலைமை வேறு. உள்ளே ஏதோ ஒரு கருவி கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி.

ரவுட்டரின் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றி, ரவுட்டர் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிறகு இலவச விபிஎன் செயலிகளை நீக்குங்கள். அவற்றுள் சில உங்கள் இணைப்பைப் பிறருக்கு வாடகைக்கு விடுகின்றன, பலருக்கு இது தெரிவதே இல்லை. அதன் பின் ஒவ்வொரு கணினியாக நச்சு நிரல் சோதனை. ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிரும் இணைப்பாக இருந்தால் குற்றம் பக்கத்து வீட்டில் இருக்கலாம். புகாரில் போர்ட் எண்ணும் இருந்ததா என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் எச்சரிக்கை தொடர்ந்தாலோ, ஸ்பேம் உங்கள் அலுவலக சர்வரிலிருந்தோ இணையதளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்தோ போவது தெரிந்தாலோ, அந்தச் சர்வரை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டுத் தொழில்முறைப் பாதுகாப்பு நிபுணரை அழையுங்கள். சர்வரில் நடந்தவற்றைக் குறித்து வைக்கும் பதிவுக் கோப்புகளை அவர் வரும்வரை அழிக்காதீர்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டியதும் இந்தக் கட்டத்தில்தான். எந்த அறிகுறியின் நடுவிலும் பணம் போனது தெரிந்தால், ஹெடர் படிப்பதை அப்படியே நிறுத்திவிட்டு, வங்கிக்கும் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க முடியுமா என்பது அந்த முதல் சில மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது, சேவை நிறுவனத்துக்கு எழுத வேண்டிய புகாரை மறுநாள்கூட எழுதிக்கொள்ளலாம்.